சோசலிசம், முதலாளித்துவம், ஜனநாயகம்: எது எதோடு ஒத்துப்போகும்?

கொழிஞ்சாம்பாறை இளையவன்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனசில் இருக்கும் கேள்வி. ஜனநாயகம் வேண்டுமா, சோசலிசம் வேண்டுமா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தித்தான் எங்கள் பக்கம் பலரும் பேசுகிறார்கள். அமெரிக்கா என்றால் முதலாளித்துவம், அதனால் ஜனநாயகம். ரஷ்யா, சீனா என்றால் சோசலிசம், அதனால் சர்வாதிகாரம். இப்படி ஒரு கணக்கு.

எனக்கு இது சரியாகப் படவில்லை. நிலம், தொழிற்சாலை, எஸ்டேட் எல்லாம் யாருடைய சொத்து என்பது ஒரு கேள்வி. முடிவை யார் எடுப்பது, எடுத்தவரை யார் இறக்குவது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குத்தான் முதலாளித்துவமும் சோசலிசமும் பதில் சொல்கின்றன, இரண்டாவதற்கு ஜனநாயகம் பதில் சொல்கிறது. அப்படியானால் எது எதோடு சேரும், எங்கே முட்டும்? இரண்டு விதக் கட்சியும் ஆண்டு பார்த்த கேரள மண் இது. கோஷம் வேண்டாம், நமக்குத் தெரிந்ததை வைத்துப் பேசுவோமே.

சித்தூர் மளிகை

தம்பி, இரண்டும் வேறு கேள்வி என்பது ஏட்டில் சரி. நடப்பில் ஒன்றை ஒன்று விடாது.

எல்லாச் சொத்தும் சர்க்காரிடம் போனால் சர்க்காரை எதிர்க்கிறவன் எங்கே போய்ப் பிழைப்பான்? அச்சகம் சர்க்காருடையது, வேலை சர்க்காருடையது, குடியிருக்கிற வீடும் சர்க்காருடையது. எதிர்த்து ஒரு நோட்டீஸ் அடிக்கக்கூடக் காகிதம் கிடைக்காது. ரஷ்யாவில் புரட்சி முடிந்த கையோடு அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. புரட்சி நடத்திய லெனினின் போல்ஷ்விக் கட்சிக்குக் கிடைத்தது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஓட்டு. 1918 ஜனவரியில் சபை கூடியது, ஒரே அமர்வோடு கலைத்துவிட்டார்கள். 1956இல் ஹங்கேரி, 1968இல் பிராக், இரண்டு இடத்திலும் சோவியத் டாங்கி வந்தது.

நான் கடை வைத்திருப்பவன். எனக்கு யார் தயவும் வேண்டாம் என்று சொல்ல முடிகிறதே, அதற்குக் காரணம் கடை என்னுடையது என்பதுதான். தனிச்சொத்து இல்லாத இடத்தில் ஓட்டுரிமை வெறும் சடங்காகப் போய்விடும்.

தேவிகுளத்தான்

மளிகை அண்ணன் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். சர்க்கார் ஒன்றே முதலாளி ஆனால் ஆபத்து என்பது உண்மை. ஆனால் 'சொத்து இருந்தால் ஜனநாயகம் வரும்' என்பது சரித்திரத்தில் இல்லை.

இங்கிலாந்தைப் பாருங்கள். ஆலைகள் பெருகிக்கொண்டிருந்த காலத்தில் ஓட்டு சொத்துக்காரர்களிடம்தான் இருந்தது. 1838இல் சார்ட்டிஸ்டுகள் என்ற தொழிலாளர் இயக்கம் வளர்ந்த ஆண்கள் எல்லாருக்கும் ஓட்டு, ரகசிய வாக்கு, உறுப்பினருக்குச் சம்பளம் என்று கேட்டது. லட்சக்கணக்கான கையெழுத்தோடு மனுப் போட்டார்கள், பார்லிமெண்ட் தள்ளிவிட்டது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமாக ஓட்டு வந்து சேர 1928 ஆனது.

நம் திருவிதாங்கூர் மட்டும் என்ன? ராஜா காலத்துச் சட்டசபையான ஸ்ரீமூலம் சபைக்கு யார் ஓட்டுப் போட்டார்கள்? நிலவரி கட்டுகிறவர்கள். ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம் மூன்று சமுதாயமும் இது அநியாயம் என்று 1932இல் நிவர்த்தனப் போராட்டம், அதாவது தேர்தல் புறக்கணிப்பு, தொடங்கியது இதற்காகத்தான். வளர்ந்தவர் எல்லாருக்கும் ஓட்டு என்று முதல் தேர்தல் நடந்தது 1948இல். கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறிய எங்கள் பாட்டன்மாருக்கு அதுவரை சபையில் பேச ஆள் கிடையாது. கொழுந்து கிள்ளுகிறவளிடம் வரி கட்ட நிலம் ஏது?

ஓட்டு கையில் வந்ததும் என்ன நடந்தது? 1957இல் தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானது, 1958 இடைத்தேர்தலில் மறுபடி ஜெயித்தார். பாவலர் வரதராசன் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பாடினார், கூடப் பாடின தம்பிதான் பிற்பாடு இளையராஜா ஆனார். கூலிக்காரன் ஓட்டுப் போட ஆரம்பித்தால் சொத்து பற்றின கேள்வி சட்டசபைக்குள் வந்தே தீரும். சொத்துக்காரர்கள் அந்த நாளிலேயே ஓட்டுக்குப் பயந்தது இதனால்தான்.

வாளையார் லாரி

1957இல் கேரளாவில் வந்தது உலகத்திலேயே ஓட்டு மூலம் வந்த முதல் கம்யூனிஸ்ட் ஆட்சி. அதை 1959 ஜூலை 31இல் கலைத்தது யார்? டெல்லியில் இருந்த ஜனநாயகவாதிகள். அப்போ எது எதற்கு விரோதி?

செங்கோட்டை வாத்தியார்

'உலகத்திலேயே முதல்' என்று எல்லாரும் சொல்கிறார்கள். சான் மரினோ என்ற சின்ன நாட்டில் 1945இலேயே கம்யூனிஸ்டுகளும் சோசலிஸ்டுகளும் தேர்தலில் ஜெயித்துக் கூட்டாட்சி நடத்தினார்கள். பிரிட்டிஷ் கயானாவில் 1953இல் செட்டி ஜகனின் இடதுசாரிக் கட்சி ஜெயித்தது. லண்டன் படையை அனுப்பி, 133 நாளில் அந்த ஆட்சியை முடித்தது. கரும்புத் தோட்டங்கள் நிறைந்த நாடு அது, மூணாறுக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. சிலியில் 1970இல் ஓட்டில் வந்த சோசலிஸ்ட் ஜனாதிபதி அலெண்டேயை 1973இல் ராணுவம் கவிழ்த்தது. அப்புறம் அங்கே சந்தையைத் திறந்துவிட்டது தேர்தலே இல்லாத பினோசே ஆட்சி. சிங்கப்பூரும் இன்றைய சீனாவும் இன்னும் இரண்டு உதாரணம். முதலாளித்துவம் ஜனநாயகம் இல்லாமலும் நன்றாகவே நடக்கும்.

ஆனால் தோழர் லாரி, இன்னொரு பக்கத்தையும் நாம் பேசியாக வேண்டும். எங்கள் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் மண். 1954இல் திருவிதாங்கூர்-கொச்சியை ஆண்டது பிரஜா சோசலிஸ்ட் கட்சி. சட்டசபையில் 19 பேரே அவர்களுக்கு, காங்கிரஸ் தாங்கியதால் பட்டம் தாணு பிள்ளை முதலமைச்சர். அந்த நேரம் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டுக் கிளர்ச்சி. கிளர்ச்சித் தலைவர் நேசமணி மூணாறில் கைதானார். ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, தமிழர்கள் செத்தார்கள். சோசலிஸ்ட் சர்க்கார் சுட்டது.

அப்போது அந்தக் கட்சியின் அகில இந்தியப் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. உத்தரப்பிரதேசத்தில் சிறையில் இருந்தார். நிராயுதபாணியான ஜனங்களைச் சுட்ட மந்திரிசபை பதவி விலக வேண்டும் என்று அங்கிருந்தே சொன்னார். யாருடைய மந்திரிசபை? அவருடைய சொந்தக் கட்சியினுடையது. கட்சி கேட்கவில்லை. பட்டம் பதவியில் நீடித்தார், லோகியா கட்சியை விட்டு வெளியேற வேண்டி வந்து 1955 கடைசியில் தனிக் கட்சி கண்டார்.

வகுப்பில் பலமுறை இதைச் சொல்லியிருக்கிறேன். சோசலிசத்துக்குள்ளேயே ஒரு ஜனநாயகவாதி இருந்தார் என்பதற்கும், அவரை அந்தக் கட்சியாலேயே பொறுக்க முடியவில்லை என்பதற்கும் இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. கட்சிக்குள் எதிர்ப்பேச்சுக்கு இடமில்லை என்றால், அந்தக் கட்சி பிடிக்கிற ஆட்சியிலும் இருக்காது.

தேவிகுளத்தான்

வாத்தியார் 1954 சொன்னார், நான் 1958 சொல்கிறேன். என் பக்கம் என்பதற்காக மறைக்க மாட்டேன். கொல்லம் சந்தனத்தோப்பில் முந்திரித் தொழிலாளர் மேல் போலீஸ் சுட்டு 2 பேர் செத்தார்கள். அதே வருடம் மூணாறு தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திலும் துப்பாக்கிச் சூடு, சாவு. இரண்டும் கம்யூனிஸ்ட் முதலமைச்சர் இ.எம்.எஸ். ஆட்சியில். மறு வருடம் அந்த ஆட்சியை எதிர்த்து நடந்த விமோசன சமரத்தில் (விடுதலைப் போராட்டம்) அங்கமாலியில் 7 பேர்.

அதற்காக மத்திய சர்க்கார் கலைத்தது நியாயம் ஆகாது. கல்வி மசோதாவும் நில உறவு மசோதாவும் வந்ததால்தான் அத்தனை கோபம். இன்னொன்று, 1960 தேர்தலில் கம்யூனிஸ்டுகளின் ஓட்டு சதவீதம் கூடியது, இடம் மட்டும் 29 ஆகச் சரிந்தது. தோல்வியை ஏற்றுக்கொண்டு எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார்கள். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தோற்றால் இறங்கிவிடும் கம்யூனிஸ்ட் கட்சி என்பது அன்றைக்கு உலகத்தில் அபூர்வம்.

எஸ்டேட் மகள்

அண்ணன்மார் ரஷ்யா, சிலி எல்லாம் சொல்கிறீர்கள். நான் எங்கள் மூணாறு மலையைச் சொல்கிறேன். மூன்று பேச்சும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டது இங்கேதான்.

2005இல் டாடா டீ கண்ணன் தேவன் தோட்டங்களை நடத்துவதை விட்டு விலகியது. புதுக் கம்பெனி வந்தது. பெரும்பகுதிப் பங்கு தொழிலாளர், ஊழியர் பெயரில். பங்குப் பத்திரம் லயத்துக்கு லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுதோறும், வந்தது. அம்மா அதைத் தகரப் பெட்டியில் ரேஷன் கார்டோடு வைத்திருந்தார். பத்திரிகையில் எல்லாம் தொழிலாளிகளே முதலாளி ஆன கம்பெனி என்று எழுதினார்கள். சோசலிசம் என்றால் தொழிலாளர் கையில் சொத்து என்கிறீர்களே, காகிதத்தில் அது வந்துவிட்டது.

பத்து வருடம் கழித்து, 2015 செப்டம்பரில், அந்த முதலாளிகள்தான் மூணாறு ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். போனசை 10 சதவீதமாகக் குறைத்ததால் வந்த வினை. நாள் கூலி 232 ரூபாய். ஒரு நாளைக்கு 21 கிலோ கொழுந்து எடுத்தாக வேண்டும். மழையில் பிளாஸ்டிக் தாளை இடுப்பில் கட்டிக்கொண்டு, அட்டைக்கடியோடு, சரிவில் நின்று எடுப்பது. ஒரு அறை, ஒரு அடுப்படி, அதில் இரண்டு தலைமுறை. பென்ஷன் ஆனால் லயத்தை விட்டு இறங்க வேண்டும். பங்கு இருக்கிறது, வீடு இல்லை.

அப்போது பெண்கள் முதலில் யாரை விரட்டினார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? மேனேஜரை இல்லை. சங்கத் தலைவர்களை. சிவப்புக் கொடி, மூவர்ணக் கொடி எல்லாச் சங்கத்தையும். பேச்சுவார்த்தை மேசையில் எங்கள் பெயரில் கையெழுத்துப் போடுகிறவர்களில் கொழுந்து எடுக்கிற ஒரு பெண்ணும் இல்லை. கூட்டத்தில் பெண்கள் தரையில், ஆண்கள் மேடையில். அதனால்தான் பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று தனியாக நின்றார்கள். ஒன்பது நாளில் போனசும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் வந்தது. அப்புறம் கூலி 301 ஆனது. கேட்ட 500 கிடைக்கவில்லை.

சொத்து எங்கள் பெயரில் இருந்தது, அஞ்சு வருடத்துக்கு ஒருமுறை ஓட்டும் இருந்தது. ஆனால் போனஸ் எவ்வளவு, கிலோ எவ்வளவு, வீடு யாருக்கு என்று முடிவு பண்ணுகிற அறைக்குள் நாங்கள் இல்லை. அந்த அறைக் கதவு திறக்காத வரைக்கும் சோசலிசம் என்றாலும் முதலாளித்துவம் என்றாலும் கொழுந்து எடுக்கிறவளுக்கு ஒன்றுதான்.

கொழிஞ்சாம்பாறை இளையவன்

அக்கா, ஒரு சந்தேகம். நிலச்சீர்திருத்தம் எல்லாருக்கும் வந்ததே, தோட்டத்துக்கு ஏன் வரவில்லை?

எஸ்டேட் மகள்

தோட்டப் பயிர் நிலத்துக்கு உச்சவரம்பு கிடையாது என்று சட்டத்திலேயே விலக்கு, தம்பி. துண்டு துண்டாக்கினால் தொழில் நடக்காது என்பது அவர்கள் சொன்ன காரணம். 1970 ஜனவரி 1 முதல் கேரளா முழுக்கக் குத்தகை ஒழிந்தது. பஞ்சாயத்துப் பகுதியில் பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரனுக்கு 10 சென்ட் வரை கிடைத்தது. தேயிலைக்காட்டில் நாலு தலைமுறை கிடந்தவனுக்கு அதுகூட இல்லை. 1971இல் கண்ணன் தேவன் நிலத்தைச் சர்க்கார் மீட்கத் தனிச் சட்டம் போட்டது, தேயிலை இருக்கிற இடம் கம்பெனியிடமே நின்றது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். மலையடிவாரத்தில்தான் வீடு என்று அவர்களா தேர்ந்தெடுத்தார்கள்?

சித்தூர் மளிகை

அம்மா, மனசு கனத்துப்போச்சு. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பங்கு தொழிலாளியிடம் வந்தாலும் டீ ஏலத்தில் கிலோ என்ன விலை போகும் என்பதைச் சந்தைதான் சொல்லும். விலை விழுந்தால் யார் முதலாளியாக இருந்தும் என்ன? பீர்மேட்டில் என்ன ஆயிற்று?

வண்டிப்பெரியாறு

பீர்மேட்டைப் பற்றி நான் சொல்கிறேன். 2000 வாக்கில் விலை விழுந்ததும் பல எஸ்டேட்டைப் பூட்டிவிட்டு முதலாளி போய்விட்டார். சம்பளப் பாக்கி, பி.எஃப். பாக்கி, கிராஜுவிட்டி எதுவும் தரவில்லை. கரண்ட், தண்ணீர் நின்றது. லாபம் வந்த காலமெல்லாம் 'இது என் சொத்து', நட்டம் வந்ததும் ஆளையே காணோம்.

அப்போது சங்கங்கள் சேர்ந்து காட்டைப் பிரித்துக் குடும்பத்துக்கு இத்தனை செடி என்று ஒதுக்கின. அவரவர் எடுத்த கொழுந்தை வெளி ஃபாக்டரிக்கு விற்று அரிசி வாங்கினோம். கவாத்து இல்லை, உரம் இல்லை, செடி மரமாகிவிட்டது. ஆனாலும் யாருக்கு எந்தப் பாத்தி என்பதில் பெரிய தகராறு வரவில்லை, ஏனென்றால் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் ஷெட்டு முன்னால் எல்லாரும் நின்று பேசித்தான் பிரித்தோம். இதைப் பெருமையாகவே சொல்வேன். எந்த ஆட்சி வந்தும் அந்த எஸ்டேட்டை எடுத்து நடத்தவில்லை. இரண்டு முன்னணியும் மாறி மாறி வந்தன.

பெருமாட்டிக்காரி

எங்கள் பஞ்சாயத்துக் கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பிளாச்சிமடை.

கோகோ கோலா ஆலை 2000இல் வந்தது. அப்போது கேரளாவை ஆண்டது இடது முன்னணி. பெருமாட்டிப் பஞ்சாயத்தும் லைசென்ஸ் கொடுத்தது. கொஞ்ச நாளிலேயே பக்கத்துக் காலனிக் கிணறுகளில் தண்ணீர் இறங்கியது, இருந்த தண்ணீரும் வாயில் வைக்க முடியாமல் ஆனது. இரவாளர், மலசர் குடும்பங்கள் அதிகம் இருக்கிற இடம். சோறு வேகாது, வெந்தாலும் கெட்டுப்போகும் என்று பெண்கள் சொன்னார்கள். 2002 ஏப்ரல் 22இல் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்ற மயிலம்மா பள்ளிக்கூடம் கண்டவர் இல்லை. 2003இல் பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டேன் என்றது.

இதில் ஜனநாயகம் எத்தனை அடுக்கு என்று பாருங்கள். பஞ்சாயத்து மறுத்தது, மாநில சர்க்கார் அந்த முடிவைத் தடுத்தது. ஐகோர்ட்டில் 2003 டிசம்பரில் ஒரு நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச்சொத்து, சர்க்கார் அதன் காவல்காரன் மட்டுமே என்றார். 2005இல் இரண்டு நீதிபதி அமர்வு அதை மாற்றிவிட்டது. ஆலை 2004 மார்ச்சில் நின்றது, திரும்ப ஓடவில்லை. சேதம் 216 கோடி ரூபாய் என்று சர்க்கார் போட்ட குழு 2010இல் கணக்குச் சொன்னது. இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவைச் சட்டசபை 2011இல் ஒருமனதாக நிறைவேற்றியது. டெல்லி ஒப்புதல் வரவே இல்லை. இன்றுவரை காசு கிடைக்கவில்லை.

1996இல் ஜனகீய ஆசூத்திரணம் (மக்கள் திட்டமிடல்) என்று பஞ்சாயத்துக்குப் பணமும் அதிகாரமும் கொடுத்தார்களே, அது இல்லாமல் இருந்தால் பெருமாட்டி வாயே திறந்திருக்க முடியாது. கம்பெனியைக் கூப்பிட்டதும் இடது ஆட்சி, பஞ்சாயத்துக்குப் பலம் கொடுத்ததும் இடது ஆட்சி. அதனால் 'சோசலிசக் கட்சி', 'முதலாளித்துவக் கட்சி' என்று பெயர் வைத்துப் பார்த்தால் எதுவும் விளங்காது. எந்த மட்டத்தில் முடிவாகிறது, பாதிக்கப்படுகிறவள் குரல் அங்கே போகிறதா என்பதுதான் கேள்வி.

செங்கோட்டை வாத்தியார்

அம்பேத்கர் 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் இதைத்தான் எச்சரித்தார். அரசியலில் ஒருவருக்கு ஒரு ஓட்டு, ஆனால் சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவம் இல்லை. இந்த முரண்பாட்டைச் சீக்கிரம் தீர்க்காவிட்டால், பாதிக்கப்பட்டவர்கள் இந்த ஜனநாயகக் கட்டிடத்தையே தகர்த்துவிடுவார்கள் என்றார். அரசியல் சாசன முகவுரையில் சோசலிசம் என்ற சொல் எப்போது ஏறியது? 1976இல், 42ஆவது திருத்தத்தில். நெருக்கடி நிலை, எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில். கேள்வி கேட்க ஆள் இல்லாத சபையில் சேர்த்த சொல்லால் ஏழைக்கு என்ன வந்தது?

ஜெர்மனியில் அதே 1976இல் வேறொன்று செய்தார்கள். 2000 பேருக்கு மேல் வேலை செய்கிற கம்பெனி என்றால் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. சமமாகப் பிரிந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு, அவர் பெரும்பாலும் முதல் போட்டவர் தரப்பு. முழு நியாயம் இல்லைதான். ஆனால் எஸ்டேட் மகள் சொன்ன அறைக்குள் சட்டப்படி நாற்காலி கிடைத்துவிட்டது.

கொழிஞ்சாம்பாறை இளையவன்

அப்படியானால் கூட்டுறவுச் சங்கம்? எங்கள் சித்தூர்ப் பக்கம் பால் சங்கம் இல்லாத ஊர் இல்லை. கம்பெனியில் பங்குக்கு ஒரு ஓட்டு, நூறு பங்கு வைத்திருப்பவனுக்கு நூறு ஓட்டு. சங்கத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு. பத்து மாடு வைத்திருப்பவரும் ஒரு மாட்டுக்காரியும் பொதுக்குழுவில் சமம். மூணாறில் பங்குக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு ஓட்டு இருந்திருந்தால்?

சித்தூர் மளிகை

தம்பி, சங்கத்தைக் கட்சி பிடித்துக்கொண்டால்? திருச்சூர் கருவன்னூர் கூட்டுறவு வங்கியில் பல கோடி மோசடி என்று 2021இல் வெளியே வந்தது. ஆயுசுக்கும் சேர்த்த பணத்தைப் போட்டவர்கள் வைத்தியத்துக்குக்கூட எடுக்க முடியாமல் அலைந்தார்கள். அங்கேயும் ஆளுக்கு ஒரு ஓட்டுத்தானே? ஒரே கட்சிக்காரர்களே வருடக்கணக்காக உட்கார்ந்து, கணக்கை யாரும் கேட்காவிட்டால் கூட்டுறவு என்ற பெயர் மட்டும் காப்பாற்றாது. என் கடைக் கல்லாவில் ஓட்டை விழுந்தால் அன்றைக்கு ராத்திரியே எனக்குத் தெரியும்.

பெருமாட்டிக்காரி

அண்ணே, அதற்குத்தான் பொதுக்குழு, தணிக்கை எல்லாம். ஆனால் நம் பக்கத்தில் ஒரு சங்கடம் உண்டு. பொதுக்குழு நோட்டீஸ், வரவு செலவு, தணிக்கை அறிக்கை எல்லாம் மலையாளத்தில். சித்தூரும் தேவிகுளமும் தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி, தமிழில் மனுக் கொடுக்கவும் தமிழில் பதில் வாங்கவும் உரிமை உண்டு. சங்கத்து மினிட்ஸ் விஷயத்தில் யாரும் அதைக் கேட்பதே இல்லை. எங்கள் பக்கம் பால் ஊற்றுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ்தான் படிக்க வரும். செயலாளர் வாசிப்பார், எல்லாரும் கை தூக்குவோம்.

எஸ்டேட் மகள்

இங்கேயும் அதேதான். 2015இல் பேச்சுவார்த்தை முடிந்து வந்த காகிதத்தை அம்மாவுக்கு நான்தான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

கொழிஞ்சாம்பாறை இளையவன்

எங்கள் சங்கத்துப் பொதுக்குழு அடுத்த மாதம். நோட்டீசும் தணிக்கை அறிக்கையும் தமிழில் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். பத்து உறுப்பினர் கையெழுத்து வாங்கிவிடுவேன். பெருமாட்டி அக்கா, மொழிச் சிறுபான்மை ஆணையை எப்படிக் குறிப்பிட்டு எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். மளிகை அண்ணன், கணக்கில் எதை எதைக் கேட்க வேண்டும் என்று நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.

சித்தூர் மளிகை

தீவன வாங்கல் பில், பால் கொழுப்பு அளவுப் பதிவேடு, யாருக்கெல்லாம் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியல். இந்த மூன்றையும் முதலில் கேள். மூன்று வருடத்துக்குக் கேள், ஒரு வருடம் பார்த்தால் ஒன்றும் தெரியாது.